மிதிக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்

கிட்டார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. எஃப் பார் கார்டு இன்னும் சுத்தமாக விழுந்திருக்காது. அதற்குள், "சார், முதல்ல எந்தப் பெடல் வாங்கலாம்?" என்று வந்து நிற்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. நானும் அப்படி நின்றவன்தான். முப்பத்தைந்து வருடம் மெல்லிசைக் கச்சேரிகளில் லீட் வாசித்தேன். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஊமையாகிப் போன பெடல்களைத் திறந்து சால்டர் வைக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். வரிசைக்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. முதல் மூன்றை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதல் ஒரு மாதம் பெடலே வேண்டாம். கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். கிட்டாரிலேயே இருக்கிற வால்யூம், டோன் குமிழ்களைப் பத்தில் வைத்துவிட்டு, அப்படி இரண்டு இருப்பதையே மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வால்யூமைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கிப் பாருங்கள். சத்தம் குறைவதோடு ஒலியின் முனையும் மழுங்கும். பிளெக்ட்ரமைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் போட்டால் தகரம். கழுத்துப் பக்கம் நகர்த்தினால் வெண்ணெய். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தை வாசித்துக் காட்டாத கிட்டார் மாணவர் நம் ஊரில் அபூர்வம். அதையே மூன்று இடத்தில் கையை வைத்து மூன்று முறை வாசியுங்கள். மூன்று வேறு கிட்டார்கள் கேட்கும். இந்த வித்தியாசம் காதில் விழாதவரை, எந்தப் பெடலின் வித்தியாசமும் விழாது.

2. என்ன குறை என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். "ஏதோ மிஸ்ஸிங் சார்" என்று சொல்லிப் பெடல் வாங்கினால், அந்த 'ஏதோ' அடுத்த மாதமும் அப்படியே இருக்கும். பெடல் அலமாரிக்குப் போயிருக்கும். லீட் வரும்போது என் கிட்டார் கேட்கவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது பூஸ்டோ ஓவர்டிரைவோ. மீட்டிய சுரம் சீக்கிரம் செத்துவிடுகிறது என்றால் கம்ப்ரஸர். ஒலி காய்ந்துபோய் இருக்கிறது என்றால் ரிவெர்ப் அல்லது டிலே. சொல்ல முடிகிற குறைக்குப் பெடல் உண்டு. சொல்ல முடியாத குறைக்குப் பெரும்பாலும் பயிற்சிதான் மருந்து.

3. பெடலிலிருந்து வெளியே வருகிற கேபிள் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். நான் பட்ட அடி இது. வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கி, வீட்டில் சின்ன ஆம்பில் பத்து நாள் வாசித்துப் பூரித்துப்போயிருந்தேன். பதினோராம் நாள் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. அந்தக் காலத்தில் மேடைக்கு ஆம்ப் எடுத்துப் போகிற வழக்கமெல்லாம் எங்கள் குழுவில் இல்லை. ஒரே கேபிள், நேராக மைக்செட்காரரின் மிக்ஸருக்கு. பல்லவி முடிந்து இடையிசை வந்தது. பெருமையாகப் பெடலை மிதித்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது, ரசித்து அல்ல. மைக்செட் அண்ணன் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். "தம்பி, உன் லைன்ல தேனீ பூந்திருக்கு" என்றார். குனிந்து, கட்டைவிரலால் என் பெடலின் டோன் குமிழை இடது கோடிவரை திருப்பிவிட்டுப் போனார். வேறு பேச்சே இல்லை. மீதிக் கச்சேரி முழுக்க அந்தக் குமிழை நான் தொடவில்லை.

வீட்டில் தேனாக இருந்தது மேடையில் தேனீயானது ஏன் என்று எனக்கு விளங்கவே பல வருடமாயிற்று. கிட்டார் ஆம்பில் இருக்கிற ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் வெளியே விடாது. சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே அது சட்டென்று கீழே இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் பெடல் உண்டாக்குகிற கரகரப்பில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆம்ப் அதை வடிகட்டித் தருகிறது. கச்சேரி மிக்ஸரும் பெட்டிகளும் பாடகரின் 'ஸ' ஒலி, சிம்பல் எல்லாவற்றுக்கும் செய்யப்பட்டவை. அவை எதையும் வடிகட்டாது. ஆகவே டிஸ்டார்ஷன், ஃபஸ் வகைகளை நேராக மிக்ஸரில் கொடுக்காதீர்கள். ஆம்ப் முன்னால் மைக் வையுங்கள். முடியாவிட்டால் ஸ்பீக்கர் ஒலியைப் போலி செய்கிற கேபினட் சிமுலேட்டரைக் கடைசியில் போடுங்கள். பல மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகளில் அது உள்ளேயே இருக்கிறது; அணைத்து வைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டுகிறோம்.

இன்னொன்று. பெடல் எதுவும் இல்லாமல் கிட்டாரை மட்டும் மிக்ஸரின் லைன் துளையில் செருகினால் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். பிக்-அப்புக்கு ஒரு மெகா ஓம் அளவில் எதிர்ப்பு வேண்டும். அந்தத் துளை சில பத்தாயிரம் ஓம்தான் தரும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வைத்தால் போர்வை விலகும்.

4. ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் மூன்றும் ஒரே குடும்பம், குணம் வேறு. கிட்டார் ஒலி ஓர் அலை. அதன் தலையை மழுக்குவது ஓவர்டிரைவ். கத்தியால் சீவுவது டிஸ்டார்ஷன். கிட்டத்தட்ட சதுரமாக வெட்டிவிடுவது ஃபஸ். வெட்டு அதிகமாக ஆக, கார்டுகள் குழம்பும். ச-ப-ச மட்டும் பிடித்தால் கல் மாதிரி நிற்கும். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள், கலங்கிய குட்டை. ராக் இசைக்காரர்கள் பவர் கார்டு என்று காந்தாரத்தைத் தூக்கிவிட்டு வாசிப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் குடும்பம் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1958-இல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் 'ரம்பிள்' என்ற இசைத்துண்டுக்காக ஆம்பின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். அதற்கு அடுத்தது அமெரிக்காவின் நாஷ்வில். மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொர்ரி' பாட்டின் ஒலிப்பதிவு. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசிக்கும்போது மிக்ஸிங் கன்ஸோலில் ஒரு சேனல் பழுதாகி, ஒலி கிழிந்து வந்தது. அழிக்கவில்லை, அப்படியே வைத்தார்கள். 1961-இல் வெளியாகிப் பாட்டு பிரபலமானது. மற்றவர்களும் அந்தச் சத்தம் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். பழுதான பாகமோ அதற்குள் முழுசாகச் செத்துவிட்டது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி உட்கார்ந்து, அதே பழுதை டிரான்சிஸ்டர் வைத்துச் செய்தார். அதை கிப்ஸன் நிறுவனம் மேஸ்ட்ரோ என்ற பெயரில் 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஃப்இசட்-1 ஃபஸ் டோன்.

அதை என்ன சொல்லி விற்றார்கள் தெரியுமா? கிட்டாரில் டிரம்பெட், செல்லோ எல்லாம் வாசிக்கலாம் என்று. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தியபோதுகூட, பின்னால் ஊதல் வாத்தியங்கள் வந்து அந்த இடத்தை நிரப்பும் என்ற நினைப்பில்தான் வாசித்தார். வாத்தியங்கள் வரவில்லை, அந்தக் கரகரப்பே பாட்டின் முகமாகிவிட்டது. வா-வா பெடலும் இதே மாதிரி. தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் 1966-இல் பிராட் பிளங்கெட் அதை உருவாக்கினார். அடுத்த வருடம் வாக்ஸ் பெயரில் வந்த பெடலில் கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞரின் பெயரைப் போட்டார்கள். இரண்டு பெடலும் டிரம்பெட்டாக வேஷம் போடத்தான் வந்தன. இரண்டுமே அந்த வேஷத்தில் தோற்றன. அதனால் யாருடைய ஒலியையோ அச்சுப் பிசகாமல் கொண்டுவர முடியவில்லை என்று நீங்கள் அழ வேண்டியதில்லை. பிசகியது என்னவாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் கேளுங்கள்.

5. ஓவர்டிரைவில் கெயினைக் குறையுங்கள், லெவலை ஏற்றுங்கள். பச்சை நிற டியூப் ஸ்க்ரீமரை எல்லோருக்கும் தெரியும். 1979-இல் ஐபனேஸ் பெயரில் வந்த டிஎஸ்808. ஜப்பானில் சுசுமு தமுரா வடிவமைத்தது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் அதைப் பயன்படுத்தினார் என்று கேள்விப்பட்டு வாங்கி வந்து, டிரைவ் குமிழை முழுசாகத் திருப்பி, அவர் ஒலி வரவில்லை என்று ஏமாறுகிறார்கள். அவர் அந்தப் பெடலால் ஒலியைக் கிழிக்கவில்லை. ஏற்கெனவே சத்தமாக வைத்திருந்த வால்வு ஆம்புகளை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினார். டிரைவ் முள் ஒன்பது மணிக்கு, லெவல் முள் மூன்று மணிக்கு, டோன் நடுவில். இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்தப் பெடல் வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். பேஸைக் குறைத்து, 700 ஹெர்ட்ஸ் வட்டாரத்தை முன்னே தள்ளுவதால் அப்படி. கச்சேரியில் இரண்டு கீபோர்டு, பேஸ் கிட்டார், தபேலா, பேட், டிரம்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது, கூட்டத்துக்குக் கேட்பது அந்த மூக்கடைப்புதான். வீட்டில் பிரமாதமாக இருந்த, பேஸும் டிரெபிளும் ஏற்றி நடுவைக் காலி செய்த ஒலி மேடையில் காணாமல் போய்விடும். பேஸ் கிட்டார்காரர் கீழே சாப்பிட்டுவிடுவார். சிம்பல் மேலே சாப்பிட்டுவிடும்.

6. வாங்குகிற முதல் பெடல் ட்யூனராக இருக்கட்டும். யாருக்கும் பிடிக்காத அறிவுரை. ஏசி அறையிலிருந்து மேடை விளக்குக்குக் கீழே வந்ததும் தந்தி இறங்கும். ட்யூனரை மிதித்தால் ஒலியும் அடங்கும். பாடகர் பேசும்போது நீங்கள் 'டொங் டொங்' என்று சுருதி சேர்க்க வேண்டியதில்லை.

7. வரிசைக்கு ஒரு பழக்கம் உண்டு. ட்யூனர், வா-வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன், கோரஸ் வகையறா, டிலே, கடைசியில் ரிவெர்ப். கிட்டாரிலிருந்து ஆம்பை நோக்கி இப்படிப் போகும். காரணம் எளிது. டிலேயை முன்னால் வைத்து டிஸ்டார்ஷனைப் பின்னால் வைத்தால், எதிரொலி ஒவ்வொன்றும் புதுச் சுரத்தோடு சேர்ந்து நசுங்கிச் சேறாகிவிடும். முதலில் கிழித்துவிட்டுப் பிறகு எதிரொலித்தால், சுத்தமான எதிரொலி. உங்கள் ஆம்பிலேயே டிஸ்டார்ஷன் போட்டால், டிலேயையும் ரிவெர்பையும் ஆம்பின் பின்புறம் இருக்கிற எஃபெக்ட்ஸ் லூப்பில் போடுங்கள்.

இந்தப் பழக்கத்தை மீறவும் செய்யலாம். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன், ஒலியைச் சுழற்றுகிற எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 பெடலை ஆம்பின் கிழிசலுக்கு முன்னால் வைத்தார். அந்தச் சுழற்சி ஒலிக்கு உள்ளேயே புகுந்து வரும். ஆனால் பழைய பாணி ஃபஸ் பெடலை மட்டும் கிட்டாருக்கு அடுத்ததாகவே வையுங்கள். அதற்கும் பிக்-அப்புக்கும் நேரடி உறவு வேண்டும். நடுவில் பஃபர் (ஒலிக்குத் தெம்பு கொடுத்து அனுப்புகிற சுற்று) உள்ள ஒரு பெடல் வந்தால், கிட்டார் வால்யூமைக் குறைத்துச் சுத்தமாக்குகிற வித்தை போய்விடும்.

பஃபர் என்றதும் நினைவு வருகிறது. கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கும். கிட்டாரிலிருந்து ஆறு மீட்டர், பெடல் போர்டிலிருந்து ஆம்புக்கு ஆறு மீட்டர் என்றால், டிரெபிள் கண்முன்னே கரையும். அணைந்திருக்கும்போது ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்துகிற ட்ரூ பைபாஸ் பெடல் மட்டும்தான் உசத்தி என்று கடைகளில் பேசுவார்கள். ஆறு ட்ரூ பைபாஸ் பெடலும் அணைந்திருக்கும்போது உங்கள் கிட்டார் பன்னிரண்டு மீட்டர் கேபிளைத் தனியாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பாஸ் நிறுவனத்தின் சாதாரணப் பெடல் அணைந்திருந்தாலும் உள்ளே பஃபர் வேலை செய்யும். அப்படி ஒன்று போர்டில் இருப்பது நல்லது.

8. மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரும்பாலான பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். நம் ஊரில் ரேடியோவுக்கும் பொம்மைக்கும் விற்கிற பல அடாப்டர்களில் நடுமுனை பாஸிட்டிவ். பின் சரியாகப் பொருந்தும், பெடல் செத்துவிடும். என் மேஜைக்கு வந்த பெடல்களில் இப்படிச் செத்தவைதான் அதிகம். வோல்ட் கூடினால் ஆபத்து. மில்லி ஆம்பியர் கூடினால் ஆபத்தில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அனலாக் ஓவர்டிரைவுக்குப் பத்து மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலே, ரிவெர்புக்குப் பல நூறு தேவைப்படலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மாலை மாதிரிக் கோத்துக் கொடுத்தால் டிஜிட்டல் பெடலின் கீச்சொலி ஓவர்டிரைவுக்குள் புகுந்துவிடும். தனித்தனி வெளியீடு உள்ள ஐசொலேட்டட் சப்ளை விலை கூடத்தான். ஆனால் மூன்றாவது பெடல் வாங்குகிற காசில் அதை வாங்குங்கள்.

மட்டமான அடாப்டரின் உறுமல் நம் ஊரில் 100 ஹெர்ட்ஸில் வரும். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கிற ஜி 98 ஹெர்ட்ஸ். ஆக, உங்கள் போர்டுக்கு அடியில் சுருதி பிசகின ஒரு சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த உறுமல் போக வேண்டும் என்று மூன்று பின் ப்ளக்கின் தடித்த பின்னை உடைக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்ஸி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஒரு கையில் தந்தி, உதட்டருகே மைக். நடுவில் இருப்பது நீங்கள். ஜெனரேட்டரில் ஓடுகிற திருவிழா மேடையானால், முதலில் எலெக்ட்ரீஷியனிடம் எர்த் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

9. ஜெர்மேனியம் ஃபஸ் நம் வெயிலுக்கு ஆகாது. லண்டனில் 1966-இல் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். முதலில் வந்தவற்றில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். சூடேறினால் அது கசியும், பயாஸ் நகரும். மே மாதம், திறந்தவெளி மைதானம், மாலை நாலு மணிக்கு சவுண்ட் செக். இரவல் வாங்கிய அப்படி ஒரு பெடல் இருமல்காரன் மாதிரி விட்டு விட்டுப் பேசியது. கேபிளை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், பக்கத்தில் இருந்த கீபோர்டு நண்பர்மேல் எரிந்து விழுந்தேன். இரவு பத்து மணிக்குக் காற்று வந்ததும் அதே பெடல் அற்புதமாகப் பாடியது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் உள்ளதை வாங்குங்கள். கொஞ்சம் கூர்மையாக இருக்கும். கிட்டார் வால்யூமை எட்டுக்கு இறக்கினால் சரியாகிவிடும்.

10. டிலேயைக் காதால் மட்டும் வைக்காதீர்கள், கணக்கும் போடுங்கள். 60,000-ஐப் பாட்டின் டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லி செகண்டு என்று வரும். டெம்போ 100 என்றால் 600. அதில் முக்கால் 450; இதுதான் டாட்டட் எய்த். யூ2 குழுவின் எட்ஜ் பிரபலமாக்கிய ஓடுகிற மாதிரியான ஒலிக்கு இதுதான் அடிப்படை. நீங்கள் வாசிக்கிற சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் எதிரொலி போய் உட்காரும்; இரண்டு கை, நாலு கை மாதிரிக் கேட்கும். டிரம்ஸ்காரர் கிளிக் இல்லாமல் வாசித்தால் இந்தக் கணக்கு பாதிப் பாட்டில் நழுவும். அப்போது காலால் தட்டி வேகத்தை வைக்கிற டேப் டெம்போ உள்ள பெடல் காப்பாற்றும். அதுவும் இல்லையென்றால், எதிரொலியின் அளவை மிக்ஸ் குமிழில் பாதியாகக் குறையுங்கள். தப்பு இருக்கும், கேட்காது.

தேவாலயத்தில் வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உயரமான கூரையும் கல்சுவரும் உள்ள கட்டடமே ஒரு ரிவெர்ப் பெடல். அங்கே நீங்களும் ரிவெர்பைக் கொட்டினால் சபைக்குக் கேட்பது புகைமூட்டம். ஆராதனைக்கு முன்னால், கூரைக்குக் கீழே நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். அது எவ்வளவு நேரம் சுற்றுகிறதோ, அந்த அளவுக்கு உங்கள் குமிழைக் குறையுங்கள்.

11. கோரஸ். ரோலண்டின் ஜாஸ் கோரஸ் ஆம்ப் 1975-இல் வந்தது. அதே கோரஸைத் தனிப் பெட்டியாக பாஸ் 1976-இல் சிஇ-1 என்று விட்டது. எண்பதுகளில் நாங்கள் எல்லாப் பாட்டிலும் அதை ஊற்றினோம். பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மெதுவான ஆர்பெஜியோவுக்கு நல்லது. மற்ற நேரத்தில் அணையுங்கள்.

12. மல்டி எஃபெக்ட்ஸ் வாங்குவது கௌரவக் குறைவல்ல. ஒரே இரவில் இருபத்தைந்து பாட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துப் பாட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கிட்டார் ஒலி. நம் மெல்லிசை மேடைக்கு அது பொருந்துவதைப்போலத் தனிப் பெடல்கள் பொருந்தாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஒரே எச்சரிக்கை: கம்பெனி உள்ளே போட்டு அனுப்பும் ஒலிகள் கடையில் அசத்துவதற்காகச் செய்தவை. ரிவெர்பும் டிலேயும் வழியும். ஒன்றைச் சத்தமாகவும் ஒன்றைச் சின்னதாகவும் வைத்திருப்பார்கள். நீங்களே ஐந்து ஒலிகளைச் சமைத்து, ஐந்தின் சத்தத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சமன் செய்யுங்கள். கிளீன், கொஞ்சம் கரகரப்பு, லீட், டிலேயோடு ஆர்பெஜியோ, வா-வா. ஐந்து போதும். நூறு ஒலி உள்ள பெட்டியில் ஐந்தை மட்டும் வைத்திருக்கிறவர்தான் மேடையில் குனியாமல் நிற்கிறார்.

13. மேடைச் சத்தத்தில் குமிழைத் திருப்புங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பேஸும் மேல் டிரெபிளும் சரியாக எட்டாது. 1933-இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்ஸனும் இதை அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கும்போது சின்னச் சத்தத்தில் உட்கார்ந்து பேஸையும் டிரெபிளையும் ஏற்றி வைக்கிறீர்கள். மறுநாள் மேடைச் சத்தத்தில் அது பூதமாக எழுந்து நிற்கிறது. முடிந்தால் சவுண்ட் செக் நேரத்தில் நீளமான கேபிளை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, பத்தாவது வரிசையில் நின்று வாசித்துக் கேளுங்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆம்பை உங்கள் முழங்கால்தான் கேட்கிறது.

14. புராணங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். 1994-இல் பில் ஃபின்னிகன் என்ற அமெரிக்கர் க்ளான் சென்டார் என்று ஓர் ஓவர்டிரைவ் செய்தார். கையால் செய்தது, சுமார் எட்டாயிரம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலிருக்க, பாகங்களின் மேல் கறுப்பு எபாக்ஸி பூசி மூடினார். இன்று பழைய க்ளான் ஒன்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நல்ல பெடல்தான். ஆனால் எபாக்ஸியைச் சுரண்டி உள்ளே பார்த்துவிட்டார்கள். அதே சுற்றை வைத்து எத்தனையோ பெடல்கள் மலிவாக வந்துவிட்டன. கண்ணைக் கட்டிவிட்டு வாசித்தால், கச்சேரி கேட்க வந்தவருக்கு வித்தியாசம் தெரியாது. வாசிக்கிற எனக்கே தெரியுமா என்று சந்தேகம்.

15. ஒலி நின்றால் பெடலைக் குற்றம் சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். பெடல்களுக்கு நடுவில் இருக்கிற குட்டி பேட்ச் கேபிள்தான் முதலில் சாகும். கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். ஒலி வந்தால், ஒவ்வொரு பெடலாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே வியாதி. கடற்கரை ஊர்க்காரர்கள் ஜாக் முனையில் பச்சை பூக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்தால் போதும். மாற்று பேட்ச் கேபிள் இரண்டாவது எப்போதும் கிட்டார் பையில் இருக்கட்டும். பையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

16. வாரக்கணக்கில் மிதிக்காத பெடலுக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். ஜாக்கைச் செருகி வைத்தாலே பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி இறங்கும். செத்த பேட்டரி கசியும், கசிந்தது செம்புத் தடத்தைத் தின்னும். போன வாரம்கூட ஒரு பையன் கொண்டுவந்தான். அப்பா காலத்து ஓவர்டிரைவ், பத்து வருடமாக அலமாரியில் இருந்ததாம். மூடியைத் திறந்தால் உள்ளே உப்பளம். தடங்களில் பாதி இல்லை, ஒயர் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன், பிழைக்குமா தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், இப்போதே எழுந்து போய் பேட்டரியைக் கழற்றிவிட்டு வாருங்கள்.